கதிரை கேட்பது குற்றமா?

ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளின் பிரதேசச் செய்திப் பக்கத்தை ஒழுங்காகப் படிப்பவர்களுக்கு ஒரு சொல் நன்கு பழக்கமானது. 'ஏகமனதாக' என்பதே அச்சொல். இன்ன சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் இன்ன மண்டபத்தில் நடைபெற்றது. புதிய நிர்வாகசபை ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டது. தலைவர் இன்னார், செயலாளர் இன்னார், பொருளாளர் இன்னார். இத்தகைய அறிக்கைகளைப் பல ஆண்டுகள் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியவன் என்ற உரிமையில் ஒன்று சொல்வேன். பெரும்பாலான சங்கங்களைப் பொறுத்தவரை, கடந்த ஆண்டின் அறிக்கையை எடுத்துத் திகதியை மட்டும் மாற்றினாற் போதும். 'புதிய' நிர்வாகசபையில் புதியவர் எவரையும் காணமுடியாது. காலமானவர் ஒருவரின் இடத்துக்கு அவருடைய மைத்துனரோ மருமகனோ வந்திருப்பார். அவ்வளவுதான்.

இந்த ஏகமனதைக் கெடுப்பதற்கு எப்போதாவது ஒருவர் துணிந்து எழுந்து நிற்கிறார். பத்து ஆண்டுகளாகச் சங்கத்துக்குத் தோரணம் கட்டியவர் அவர்; ஒலிபெருக்கிக் கம்பத்தில் ஏறியவர்; விழா முடிந்தபின் வாடகைக் கதிரைகளை எண்ணி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியவர். "இம்முறை செயலாளர் பதவிக்கு நானும் போட்டியிடுகிறேன்" என்கிறார். மண்டபத்தில் ஒரு கணம் அமைதி நிலவுகிறது. பின்னர் முன்வரிசையிலிருந்து மெல்லிய சிரிப்பொன்று எழுகிறது. மறுநாள் ஊரெங்கும் பேச்சு ஒன்றே. "தம்பிக்குப் பதவி ஆசை வந்துவிட்டது."

பதவியிற் பதினைந்து ஆண்டுகள் இருந்தவருக்குப் பதவி ஆசை இல்லையாம். ஒருமுறை கேட்டவருக்கு இருக்கிறதாம். அன்பர்களே, இந்த நியாயத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

தொண்டு செய்பவன் பதவியை நாடமாட்டான் என்பது கேட்பதற்கு இனிமையான வாசகம். நம் மேடைகளில் அதைச் சொல்பவர் யார் என்று சற்றே கவனியுங்கள். மாலையும் பொன்னாடையும் கழுத்தில் இருக்க, ஒலிவாங்கியைப் பிடித்தபடி சொல்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவனோ மேடைக்குப் பின்னால் மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறான். ஆசையின்மையைப் போதிப்பவர் கதிரையிலும் அதைக் கடைப்பிடிப்பவர் தரையிலும் இருப்பதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இதை எழுதத் தூண்டியது மன்னாரின் பெருநிலப்பரப்பு, குறிப்பாக மாந்தை மேற்குப் பிரதேசம். மன்னார் – பூநகரி வீதியிலிருந்து கிழக்கே உள்நோக்கிச் சென்றால் வரும் பெரியமடு போன்ற ஊர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கொழும்பிலோ இலண்டனிலோ ஒரு கலாசாரச் சங்கத்தின் நிர்வாகசபை யார் கையில் இருந்தாலும் பெரிய நட்டம் ஏதும் வந்துவிடாது. பொங்கல் விழா சற்றுச் சுமாராக நடக்கும், அவ்வளவே. பெரியமடுவில் அப்படியன்று.

காரணத்தை விளக்க அண்மைக்கால வரலாற்றைச் சற்று நினைவுபடுத்தவேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் அவ்வாறு விரட்டப்பட்டார்கள். பெரியமடு முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திற் கொட்டில்களிலும் முகாம்களிலும் ஒரு தலைமுறையைக் கழித்தனர். பின்னர் 2008இல் இராணுவ நடவடிக்கை மன்னார்ப் பெருநிலப்பரப்பினூடாக வடக்கு நோக்கி நகர்ந்தபோது மாந்தை மேற்கின் தமிழ் மக்கள் வன்னியின் உட்பகுதிக்குள் ஒதுங்கி, கிளிநொச்சி கடந்து, பலர் முள்ளிவாய்க்கால் வரை சென்று, எஞ்சியோர் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் அடைக்கப்பட்டார்கள். போர் முடிந்தபின் இரு சமூகத்தவரும் வெவ்வேறு திசைகளிலிருந்து, வெவ்வேறு இழப்புகளோடு, ஒரே பிரதேசத்துக்குத் திரும்பினர். திரும்பாதோரும் ஏராளம். புத்தளத்திற் பிறந்து, அங்கே படித்து, மணம்முடித்த பிள்ளைகளுக்குப் பெரியமடு என்பது வாப்பா சொன்ன கதை.

இத்தகைய இடத்தில் 'கலாசாரம்' என்பது வருடத்துக்கொருமுறை நடனமாடும் அலங்காரம் அன்று. இவ்வூர் யாருடையது, இங்கே யார் யார் வாழ்ந்தார்கள், குளத்துக்கும் வயலுக்கும் பெயரிட்டவர் யார், எந்தக் கூத்து யாருடைய முற்றத்தில் ஆடப்பட்டது என்ற வினாக்களுக்கு விடை எழுதும் அதிகாரம் அது. விழாமலரில் அச்சாகும் ஊர்வரலாறு நாளை பாடசாலை மாணவனின் ஒப்படையாகும். மறுநாள் காணித்தகராற்றிற் சான்றாகவும் காட்டப்படும். அந்த மலர்க்குழுவில் யார் இருக்கிறார் என்பது சிறிய விடயமா?

இலங்கையிற் பிரதேச செயலகங்கள்தோறும் கலாசாரப் பேரவைகள் இயங்குகின்றன. பிரதேச செயலாளரே பேரவையின் தலைவர். 'பிரதேச செயலாளரும் கலாசாரப் பேரவைத் தலைவருமான' என்ற தொடரைப் படிக்காத பத்திரிகை வாசகர் இருக்கமாட்டார். கலாசார உத்தியோகத்தர் பணிகளை ஒழுங்குசெய்வார். ஏனைய இடங்களுக்குப் பிரதேசத்தின் கலைஞர்களும் ஆர்வலர்களும் வருகிறார்கள். அதிகாரி தலைமை வகிப்பதில் எனக்குப் பகையில்லை. நல்ல பிரதேச செயலாளர்கள் பலரை நான் கண்டிருக்கிறேன். கலையறிவு மிக்கோரும் அவர்களுள் உளர். ஆயினும் அதிகாரிக்கு இடமாற்றம் உண்டு. மூன்றோ நான்கோ ஆண்டுகளில் அவர் வேறு பிரதேசத்துக்குப் போய்விடுவார். அவர் வந்த நாளில் முதலாவதாகப் போய் வணக்கம் சொல்பவர்கள்தாம் அவருடைய காதும் கண்ணும் ஆகிவிடுகிறார்கள். ஆகவே மெய்யான அதிகாரம் தலைவரின் கதிரையில் இல்லை; அதற்கு அருகில் இடப்பட்டிருக்கும் ஐந்தாறு கதிரைகளிலேயே இருக்கிறது. 60 வயதைக் கடந்த எந்தக் கலைஞருக்குக் கலாபூஷண விருதுக்கான விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப்படுகிறது, எந்த ஊரின் கலைக்குழுவுக்கு மேடையில் ஐந்து நிமிடம், எதற்கு முப்பது நிமிடம், களிகம்பும் றபானும் நிகழ்ச்சிநிரலில் உண்டா இல்லையா என்பதெல்லாம் அக்கதிரைகளில் முடிவாகின்றன. (முஸ்லிம் கலைஞர்களுக்குப் பெரும்பாலும் 'நேரமிருந்தால்' என்ற இடமே ஒதுக்கப்படுகிறது. நேரம் இருப்பதேயில்லை.)

மன்னாரின் கலைச்செல்வம் எத்தகையது என்பதை அறியாதோருக்காகச் சில வரிகள். வடபாங்கு, தென்பாங்கு என இரு மரபுகளில் நாட்டுக்கூத்து ஆடப்படும் மண் அது. வாசாப்பு என்ற நாடக வடிவம் அங்கே தழைத்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அக்கூத்துகளை அச்சேற்றினார். 'என்றீக்கு எம்பரதோர் நாடகம்' 1964இலும், 'மூவிராசாக்கள் நாடகம்' 1966இலும், 'ஞானசவுந்தரி நாடகம்' 1967இலும் நூலாயின. அண்ணாவிமாரின் வீடுகளில் ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்தவை அவை. ஓர் அண்ணாவி தன் குடும்பச் சொத்தாகக் காத்த பிரதியை முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுக்கமாட்டார். இடையில் யாரோ ஒரு உள்ளூர் ஆசிரியர், ஒரு சங்கத்துச் செயலாளர், மிதிவண்டியிற் போய்த் திண்ணையில் அமர்ந்து, இரண்டு மூன்று தடவை வெறுங்கையோடு திரும்பி, நான்காவது தடவை பிரதியோடு வரவேண்டும். பதிப்புப் பணி அந்தத் தொண்டர்களின் காலில் நடந்தது.

அதே பணி இன்று மீண்டும் தேவைப்படுகிறது, முன்னைவிடப் பன்மடங்காக. இடம்பெயர்வுகளில் எத்தனை கொப்பிகள் அழிந்தன என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. பாடத் தெரிந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். சிலர் புத்தளத்தில், சிலர் தமிழ்நாட்டு முகாம்களில், சிலர் பிள்ளைகளோடு கனடாவில். அவர்களைத் தேடிச்சென்று கைத்தொலைபேசியிலேனும் ஒலிப்பதிவு செய்பவர்கள் யார்? சங்கத் தலைவர்களா? ஊரின் இளையவர்கள்தாம் செய்கிறார்கள், தம் சொந்தக் காசில், சொந்த மோட்டார் சைக்கிளுக்குச் சொந்தமாக எண்ணெய் ஊற்றி. அந்தப் பதிவுகளை எங்கே வைப்பது, யார் பெயரில் வெளியிடுவது, சங்க நிதியில் அதற்கொரு பங்கு ஒதுக்கலாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு வாக்கு இல்லை. வேண்டுமானால் 'பார்வையாளராக' வரலாம், வந்தவர்களுக்குத் தேநீரும் கொடுக்கலாம்!

எதிர்த்தரப்பினர் கூறும் நியாயம் ஒன்றை நான் ஒதுக்கிவிட விரும்பவில்லை. "இளைஞர்களை உள்ளே விட்டால் அரசியல் உள்ளே வந்துவிடும், சங்கம் உடைந்துவிடும்" என்பார்கள். இது வெற்று அச்சமன்று. உலக வரலாற்றில் இதற்கோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நம்மவர்கள் அறிந்துகொள்ளத் தக்கது.

அயர்லாந்தில் ஆங்கிலத்தின் நெருக்கத்தால் அழிந்துகொண்டிருந்த தாய்மொழியை மீட்கவென்று 1893இற் 'கேலிக் லீக்' என்ற கழகம் தோன்றியது. டக்ளஸ் ஹைட் என்ற அறிஞர் அதன் முதல் தலைவர். 1915 வரை அவரே தலைவர். கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர், பிரிட்டனை ஆதரிப்போர், எதிர்ப்போர் என எல்லோரும் மொழிக்காக ஒரே கூரையின்கீழ் அமரவேண்டும் என்பதால் அரசியல் கலவாமை அதன் விதியாயிற்று. கழகம் ஊரூராகப் பரவியது. உழைத்தவர்களுட் பெருந்தொகையான இளைஞர்கள் நாட்டு விடுதலை வேட்கை கொண்டோர். 1915இல் டண்டாக் நகரில் ஆண்டுப் பேரவை கூடியபோது அவர்களுட் பலர் முன்கூட்டியே ஆயத்தமாக வந்து நிறைவேற்றுக்குழு இடங்களைக் கைப்பற்றினர். விடுதலை பெற்ற அயர்லாந்து என்பதைக் கழகத்தின் நோக்கத்திற் சேர்த்தனர். ஹைட் தலைமையைத் துறந்து வெளியேறினார். புதிய நிர்வாகத்திற் செயலாளரானவர் ஷோன் ஓ கெலி. காலத்தின் வேடிக்கையைப் பாருங்கள்: 1938இல் அயர்லாந்தின் முதல் குடியரசுத்தலைவரானவர் அதே ஹைட்; 1945இல் அவருக்குப்பின் அந்நாற்காலியில் அமர்ந்தவர் அதே ஓ கெலி.

டண்டாக்கை நம் ஊர் முன்வரிசைக்காரரிடம் சொன்னால் "பார்த்தீர்களா?" என்பார். நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். ஹைட் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே கதிரையில் இருந்தார். கழகத்துக்குள் வளர்ந்துவந்த தலைமுறை என்ன நினைக்கிறது என்பதை ஆண்டுதோறும் திறந்த போட்டியிற் கேட்டு அறிந்திருந்தால், ஒரே நாளில் எல்லாமே கவிழும் நிலை வந்திராது என்பது என் துணிபு. வாய்க்கால் வெட்டாமல் வைத்திருந்த குளமே அணையை உடைத்தது. மற்றொன்று: ஓ கெலி கழகத்துக்கு அந்நியர் அல்லர், பல்லாண்டு அதன் பணியில் உழைத்தவர். அப்படிப்பட்டவர்கள் இடங்கேட்டதிற் பிழையில்லை. மொழிக் கழகமாக இருந்ததை வேறொன்றாக்கும் நோக்கத்தோடு ஆள் திரட்டி வந்ததைப் பிழையென்று சொல்லலாம். இடங்கேட்பதையும் இடத்தைக் கடத்துவதையும் பிரித்தறியத் தெரியாதவர்கள்தாம் கதவையே பூட்டுகிறார்கள்.

நம் வரலாற்றில் இதற்கு நேரெதிரான சான்றும் உண்டு. 1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு எங்கே நடப்பது என்பதில் இலங்கைக் கிளைக்குள்ளேயே பெரும் வழக்கு எழுந்தது. அரசின் விருப்பம் கொழும்பு. குழுவிற் பேசி, முரண்பட்டு, இறுதியில் வித்தியானந்தன் தலைமையில் யாழ்ப்பாணம் என்று முடிவாயிற்று. அரசின் ஒத்துழைப்பின்மைக்கு நடுவே அந்நகரை அலங்கரித்து விருந்தினரை வரவேற்றவர்கள் சாதாரண மக்களும் தொண்டர்களும். ஜனவரி 10ஆம் திகதி வீரசிங்கம் மண்டபத்தின் முன் பொலிசார் நடத்திய அட்டூழியத்திற் பொதுமக்கள் உயிரிழந்ததை நாம் நினைவுகூர்கிறோம். அதற்கு முன்னர் ஒரு குழுவிற் கருத்து வேறுபாடு வெளிப்படையாகப் பேசப்பட்டுத் தீர்ந்ததையும் நினைவுகூரவேண்டாமா? 'ஏகமனதாக' என்று எல்லோரும் தலையாட்டியிருந்தால் மாநாடு கொழும்புக்கே போயிருக்கும்.

தொண்டர் என்று சொல்லிக்கொள்பவர் எல்லோரும் தூயவர் என்று நான் கூறவில்லை. பொதுக்கூட்டத்துக்கு முந்திய வாரம் ஐம்பது பேருக்குத் தானே சந்தா கட்டி உறுப்பினராக்கி அழைத்து வருபவரை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மரநடுகையின்போது ஒரு கன்றைப் பிடித்தபடி இருபது படம் எடுத்துக்கொண்டு, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றாமற் போனவரையும் தெரியும். தேர்தல் வேட்பாளராவதற்குப் படிக்கட்டாகச் சங்கத்தைப் பிடிப்போரும் உளர். இத்தகையோரைத் தடுக்க வழி, போட்டியையே ஒழிப்பதன்று. ஆறு மாதத்துக்கு முன் உறுப்புரிமை பெற்றவருக்கே வாக்கு என்று யாப்பில் எழுதுங்கள். உறுப்பினர் பட்டியலைக் கூட்டத்துக்கு மூன்று வாரத்துக்கு முன் அறிவித்தற்பலகையில் ஒட்டுங்கள். கணக்கறிக்கையை வாசித்து முடித்தவுடன் கைதட்டல் வாங்கி அடுத்த நிகழ்ச்சிக்குப் போகாமல், கேள்விக்கு அரைமணி நேரம் கொடுங்கள். இரண்டு தவணைக்கு மேல் ஒருவர் ஒரே பதவியில் இருக்கக்கூடாது என்று விதியுங்கள். கையுயர்த்தி வாக்களிப்பது எங்கள் ஊர்களில் வாக்களிப்பே அன்று. கடன் கொடுத்தவரும், காணி குத்தகைக்குக் கொடுத்தவரும், பிள்ளைக்குச் சான்றுக்கடிதம் எழுதுபவரும் முன்வரிசையில் இருந்து திரும்பிப் பார்க்கும்போது யாருடைய கை உயரும்? கடதாசித் துண்டும் ஒரு பழைய பிஸ்கட் தகரமும் போதும்.

பெரியமடு போன்ற ஊர்களுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு: உறுப்பினர் யார்? ஊரில் வதிபவர் மட்டுமா, புத்தளத்தில் இருந்துகொண்டு திரும்பக் காத்திருப்பவருமா? நாடாளுமன்றமே 2013இல், இடம்பெயர்ந்தோர் தம் சொந்த இடத்தில் வாக்காளராகப் பதியச் சிறப்புச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் வாக்காளர் இடாப்பில் தீர்த்துக்கொள்ள முயன்ற வினாவை ஒரு கலாசாரச் சங்கம் 'பிறகு பார்ப்போம்' என்று ஒத்திப்போடுகிறது. வேரோடு பிடுங்கப்பட்டவனுக்குத் தன் ஊர்ச் சங்கத்திற் பெயர்கூட இல்லையென்றால், 1990இல் நடந்ததை நாமும் சிறிய அளவில் தொடர்கிறோம் என்றே அவன் எண்ணுவான். என்னைக் கேட்டால், பெயரைப் பதியுங்கள். வருடத்துக்கொருமுறை வந்து வாக்களிக்கட்டும். வந்துபோகும் பேருந்துச் செலவே அவனுடைய பற்றுக்குச் சான்று.

பெண்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும், இங்கே சுருக்கமாக. விழாவுக்கு முந்திய இரவில் அரிசி களைந்து, வாழையிலை துடைத்து, பிள்ளைகளுக்கு ஒப்பனை செய்து, கோலமிட்டு, மறுநாள் பாத்திரம் கழுவி முடிப்பவர்கள் யாரென்று கேட்கத் தேவையில்லை. நிர்வாகசபையில் அவர்களுக்கு 'மகளிர் அணி' என்று ஒரு மூலை ஒதுக்கப்படுகிறது. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு சட்டமாகி, 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அம்மன்றங்களிற் பெண்கள் நூற்றுக்கு இருவர் என்ற அளவிலேயே இருந்தனர். பிரதேச சபையிலே வரவுசெலவுத்திட்டத்துக்கு வாக்களிக்கத் தக்கவர் கலாசாரச் சங்கத்திற் பொருளாளராகத் தக்கவர் அல்லர் என்று எந்த நாவால் சொல்வது? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சேமிப்புக் கொப்பிகளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பிறகு ஆண்கள் நடத்தும் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். முதலாவது மேசைக்கு வரும். இரண்டாவது 'கணக்காய்வாளரிடம்' இருக்கும்.

கடல்கடந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தொரொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உள்ள ஊர்ச்சங்கங்கள் அனுப்பும் பணத்தால் வன்னியிலும் மன்னாரிலும் மண்டபங்கள் எழுகின்றன, நூல்கள் அச்சாகின்றன. நன்று. ஆனால் பணம் அனுப்புபவர் கேட்பது என்ன? திறப்புவிழாப் படம், கல்வெட்டிற் பெயர். அப்படத்தில் நிற்பவர் எப்போது, எத்தனை பேரால் தெரிவுசெய்யப்பட்டார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கும். ஏனெனில் தொரொன்ரோச் சங்கத்தின் நிர்வாகசபையும் பெரும்பாலும் ஏகமனதாகவே வந்திருக்கும். அடுத்த தடவை பணம் அனுப்புவதற்கு முன் கடந்த மூன்று பொதுக்கூட்டங்களின் அறிக்கைக் கொப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அறிக்கைக் கொப்பியே இல்லையென்று பதில் வந்தால், மண்டபத்தின் சாவி யாருடைய வீட்டில் தொங்குகிறது என்று கேளுங்கள்.

இதைப் படித்துவிட்டு முன்வரிசை நண்பர்கள் சிலர் எனக்கு எழுதுவார்கள் என்று அறிவேன். "நாங்கள் விலகினால் யார் வருவார்? இளைஞர்கள் எவரும் முன்வருவதில்லையே" என்பது அவர்களுடைய வழமையான குறை. ஐயா, கடந்த ஆண்டு முன்வந்த அந்தத் தம்பியைப் பார்த்துச் சிரித்தது யார்? அவர் இப்போது பொதுக்கூட்டத்துக்கு வருவதில்லை. தோரணங் கட்டவும் வருவதில்லை. இம்முறை கதிரைகளை எண்ணி ஏற்றியது வாடகைக் கடைக்காரரின் ஆட்கள். எட்டுக் கதிரை குறைந்ததாம்.